மக்கும் ஷீட்டுக்கு ஒட்டுப் போட்ட கதை

எது உடையும், எது கிழியும், எது ஒரே வருஷத்தில் பல்லிளிக்கும் என்று பார்த்துப் பார்த்தே ஆயுசைக் கழித்த மனிதர் ஒருவரிடம், "சார், இது தானா மக்கிப் பூடும், அதான் இதோட விசேஷமே" என்று சொல்லி ஒரு ஷீட்டுச் சுருளை விற்றார் ஆண்டர்சன்பேட்டை உரக்கடைக்காரர். விற்கிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அந்தக் கடைக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போது குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன்.

வாங்கிய மனிதர் என் வீட்டுக்காரர். புல்டோசர் செய்கிற பேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேக்டரி அவரை விட்டுவிட்டது, அவர் இன்ஸ்பெக்‌ஷனை விடவில்லை. ரிட்டயர் ஆன புதிதில் நான் சுட்ட சப்பாத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒரு பக்கம் தடிமன் ஜாஸ்தி" என்றார். "அப்ப ரிஜெக்ட் பண்ணிட்டு பட்டினி கெடங்க" என்றேன். சாப்பிட்டார். கொடிக்கம்பி சாய்ந்திருக்கிறது, குக்கர் விசில் சீராக வரவில்லை, கேஸ் அடுப்பின் சுடர் ஒரு பக்கம் குட்டையாக இருக்கிறது என்று தினம் ஒரு ரிப்போர்ட் வரும். நானும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பேன்.

பிறகு அதுவும் நின்றுபோனது. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பேக்டரி பஸ் போகும். பார்ப்பார். போன பிறகும் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வராது. வேண்டுமென்றே சாம்பாரில் உப்பைக் கொட்டிப் பார்த்தேன், முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னோடு வாய்ச்சண்டை போட்டே பழகிய மனிதர் இப்படி வாயை மூடிக்கொண்டால் ஒரு பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பயமாக இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு அழுதேன். "அப்பாவுக்கு ஏதாவது ஹாபி கண்டுபிடிச்சிக் குடும்மா" என்றாள். ஹாபி என்ன, கடையில் தொங்குகிறதா வாங்கிவர?

கண்டுபிடித்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், மூடுகிற வரைக்கும் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மூடி இத்தனை வருஷம் ஆகியும் எதைப் பேசினாலும் அவர் பேச்சு கடைசியில் சுரங்கக் குழியில், ஷாஃப்டில்தான் போய் நிற்கும். அவருக்கு ராகி கொடுக்கிற தெலுங்குக்கார அம்மாவுக்கு, தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மண் மேடுகளைத் தாண்டி ஆந்திரா பக்கம் போகிற ரோட்டில் மேலும் கீழுமாக இரண்டு துண்டு நிலம் இருக்கிறது. பிள்ளைகள் பெங்களூரில் கார் ஓட்டுகிறார்கள். கீழ்த்துண்டில் அந்த அம்மாவே ராகி போடுவார். மேல்துண்டு குத்தகைக்கு ஆளில்லாமல் சும்மா கிடந்தது.

"சார், தக்காளி போடுங்க. கோலார் மார்க்கெட் இன்னா தூரமா கீது?" என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் மண்ணைத் தோண்டத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. விதைக்கத் தெரிந்தவர்கள் வட ஆற்காட்டிலிருந்து மைன்ஸ் வேலைக்கு ரயிலேறியதோடு சரி. ஆனால் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "மண்ண ஒரு தடவ பாக்கலாம்" என்றார். பல மாதம் கழித்து அவராக வாயைத் திறந்து பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அப்புறம் நான் எதற்குச் சிரிக்கிறேன்? ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

முதல் பயிருக்கே மல்ச்சிங் ஷீட் வந்துவிட்டது. பாத்தி மேலே விரித்து, ஓரத்தில் மண் போட்டு அமுக்கி, நடுவே ஓட்டை போட்டு நாற்று நடுகிற பிளாஸ்டிக் ஷீட். மேல்பக்கம் வெள்ளி, அடிப்பக்கம் கறுப்பு. களை வராதாம், தண்ணீர் ஆவியாகாதாம். அக்கம்பக்கத்துத் தோட்டம் எல்லாம் அதுதான். இவர் கடையிலேயே தன் சொந்த மைக்ரோமீட்டரை எடுத்து ஷீட்டின் தடிமனை அளந்தாராம். கடைக்காரர் இப்படி ஒரு விவசாயியைப் பார்த்ததே இல்லை என்று அண்ணன் வந்து சொன்னார். பாத்தியின் மேல் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, ஓட்டைக்கு ஓட்டை இடைவெளி மாறக் கூடாது. கூலிக்கு வந்த பெண்கள், "இன்னா சார், தக்காளி செடி இன்ச்சு டேப்பு வெச்சி அளந்தாதான் காய்க்குமா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லி அவரே சிரித்தார். எனக்கு அது போதும். தக்காளி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று இருந்தேன்.

தக்காளி நன்றாகவே வந்தது. பறித்து முடித்து, கம்புகளைப் பிடுங்கி, செடியை எல்லாம் அரிந்து போட்ட பிறகுதான் ஷீட்டின் குணம் தெரிந்தது. விரிக்கும்போது மைசூர் மகாராஜா கம்பளம் மாதிரி வந்தது, எடுக்கும்போது நார்நாராக வந்தது. வெயிலில் வெந்த பிளாஸ்டிக், இழுத்த இடத்தில் கையோடு கிழிந்தது. கையில் வந்தது வந்தது, மண்ணில் பொடிந்தது மண்ணோடு போனது. வந்த மட்டும் வரப்போரம் குவித்தார்கள். ஆள் உயரத்துக்கு நின்றது.

இதை என்ன செய்வது? பஞ்சாயத்துக் குப்பை ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "தகொளல்ல மேடம்" என்றான். எடுக்க மாட்டானாம், மண் ஒட்டியிருக்கிறதாம். பழைய சாமான் வாங்குகிறவர் ஒரு கை அள்ளிப் பார்த்து, "இதுல ஷீட்டு கொஞ்சம், ஒங்க நெலம் மீதி" என்று சொல்லிவிட்டுப் போனார். உரக்கடைக்காரரைக் கேட்டால், "விக்கறதுதான் சார் எங்க வேல" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அருமையான யோசனை ஒன்று சொன்னார். சாயங்காலம் ஒரு தீக்குச்சி. ஊரே அப்படித்தான் செய்கிறதாம். அந்தப் புகையைக் குடித்துக்கொண்டுதான் அவர் உடம்புக்கு நல்லது என்று காலையில் வாக்கிங் போகிறார்.

என் வீட்டுக்காரர் எரிக்க மாட்டேன் என்றார். அதுவரைக்கும் நல்ல புத்தி. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பக்கத்து வீட்டு அண்ணன்.

"அட இன்னா சார் நீங்க, இதுக்குப் போயி மண்டைய ஒடச்சிக்கினு! எங்க டிபார்ட்மெண்ட்ல வுடுங்க. அண்டர்கிரவுண்ட்ல கல்லு எடுத்த எடத்த சும்மா காலியா வுடுவோமா? வேஸ்ட்ட உள்ள தள்ளி பேக் பண்ணிடுவோம். மேல மண்ணு. அப்பறம் அங்க இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

உலகத்தில் வேறு எந்த ஊர் விவசாயிக்காவது இந்த யோசனை வந்திருக்குமா? எங்கள் ஊரில் மட்டும்தான் எந்தக் கஷ்டத்துக்கும் பூமிக்கு அடியில் வழி இருக்கிறது என்று மனிதர்கள் மனசார நம்புகிறார்கள். அண்ணன் தன்னோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு பேரை மைசூர் மைன்ஸ் ஏரியாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். நிலத்தின் கீழ் மூலையில் மண் மெதுவாக இருக்கிறது என்று அங்கே குழி தோண்ட ஆரம்பித்தார்கள். ஷாஃப்ட் தோண்டுகிற ஆட்கள் பூஜை இல்லாமல் கடப்பாரையைத் தொடுவார்களா? தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். குப்பைக் குழிக்கு! கொஞ்சம் ஆழம் போனதும் "ஃபஸ்ட் லெவல்" என்றார்கள். இன்னும் கொஞ்சம் போனதும் "செகண்ட் லெவல்". ஏறி இறங்க லிஃப்ட் மாதிரி கேஜ் ஒன்றுதான் பாக்கி. நான் டீ போட்டுப் போட்டுக் கொடுத்தேன். மடித்து மடித்து ஷீட்டை அடுக்கி, மிதித்து, மேலே மண் மூடி, நான்கு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஆளுக்கொரு தங்கக்கட்டி எடுத்த மாதிரி அப்படி ஒரு பெருமை.

அந்த மூலையில் மண் ஏன் மெதுவாக இருக்கிறது என்று நான்கு பேரில் ஒருத்தர் யோசித்திருக்கலாம். மழைத் தண்ணீர் மொத்தமும் மேல்துண்டிலிருந்து இறங்குகிற இடம் அது. முதல் பெருமழையில் மேல் மண் அடித்துக்கொண்டு போனது. அடியில் மடித்து வைத்திருந்த ஷீட்டெல்லாம் காற்றும் தண்ணீரும் புகுந்து உப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. வந்து, கீழே அந்த அம்மா ராகி போட்டிருந்த துண்டு முழுக்க அழகாக விரிந்து படுத்துக்கொண்டது. மிச்சம் வரப்பு மடையை அடைத்துக்கொண்டது. தண்ணீர் வடியாமல் பாதி ராகி மஞ்சளாகப் போய்விட்டது.

மழை விட்டதும் எங்களுக்கு ஆள் வந்தது. போனோம். அந்த அம்மா புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏமி சாரு, என் ராகிக்கு போர்வை போத்தி வுட்டிருக்கே? குளிருதுன்னு அது உங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

இவர் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு நாற்றின் மேலிருந்தும் ஷீட்டைப் பதனமாகத் தூக்கி எடுத்தார். நானும் இறங்கினேன். அண்ணனுக்கு மட்டும் அன்றைக்கு முதுகுவலி. வெயில் சாய்கிற வரைக்கும் எடுத்தோம். அந்த அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து சொன்னார்.

"நீ இறங்கி எடுத்தே, அதனால அடுத்த பயிருக்கும் மேல்துண்டு குடுக்கறேன். ஆனா கேட்டுக்கோ சாரு. இனி நீ போட்ட பிளாஸ்டிக்கு ஒரு துண்டு என் மண்ணுல பாத்தேன், நிலத்த வுட்டுட்டு நடந்துக்கினே இரு. தர்மம் நியாயம் எல்லாம் பேசிக்கினு வராதே."

அவர் சொன்னது நியாயம்தான். அந்த அம்மா சாப்பிடுகிற ராகியை நாங்கள் கெடுத்திருக்கிறோம், வேறு என்ன சொல்வார்? என் பயம் வேறு. நிலம் போனால் இவர் மறுபடி அந்த நாற்காலிக்குப் போவார். இஸ்திரி சட்டை, பேக்டரி பஸ், காலி ரோடு. இந்த நிலம் போனால் மனிதரே போய்விடுவார் என்று எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வருகிற வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்த நான்கு ஷாஃப்ட் வல்லுநர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன்.

எடுத்த ஷீட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்து அலசி, கொடியில் காயப்போட்டோம். நாங்கள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸ் லைனில், வரிசை வீடுகளில் எல்லாரும் புடவை காயப்போட, நாங்கள் மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் காயப்போட்டோம். போகிற வருகிறவர்கள் எல்லாம், "இன்னாக்கா, புது டிசைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சுத்தமான பிறகு பழைய சாமான்காரர் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போனார். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இப்படித் துவைத்துக் கொடுத்தால் பிரச்சினையே இல்லை என்றும் சொன்னார். ஆமாம், எல்லாரும் பயிரை விட்டுவிட்டு ஷீட் துவைக்கப் போகலாம்.

அதற்குப் பிறகுதான் உரக்கடைக்காரர் அந்த மக்கும் ஷீட்டைப் பற்றிச் சொன்னது. மக்காச்சோள மாவிலிருந்து எடுத்துச் செய்கிறார்களாம். விரிக்க வேண்டியது, பயிர் எடுக்க வேண்டியது, அப்படியே மண்ணோடு சேர்த்து உழுதுவிட வேண்டியது. எடுக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது. இவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"கெட்டுப் போறத காசு குடுத்து வாங்கறதா?"

"காய்கறி வாங்கறீங்களே, அது இன்னா இரும்பா?"

சுருளை வாங்கி வந்ததும் முதல் வேலையாக ஒரு துண்டு வெட்டி என் கருவேப்பிலைத் தொட்டியில் புதைத்தார். டெஸ்டாம். சரி என்று விட்டேன். மறுநாள் காலை தோண்டி எடுத்து, மண்ணைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒண்ணும் ஆகல" என்று மறுபடி புதைத்தார். அடுத்த நாளும் தோண்டினார். அதற்கும் அடுத்த நாளும். "நீங்க சும்மா வுட்டாத்தானேங்க அது மக்கும்?" என்று கத்தினேன். ஷீட் எப்போது மக்கியதோ எனக்குத் தெரியாது, வேரைக் கிளறிக் கிளறி கருவேப்பிலைச் செடி முதலில் போய்ச் சேர்ந்தது.

ஒருவழியாக நிலத்தில் விரித்தார்கள். இந்தத் தடவை அவர் பயபக்தியோடு இருந்தார். கம்பில் செடியைக் கட்ட நைலான் கயிறு கூடாது, சணல்தான். வேலைக்கு வருகிறவர்கள் பான்பராக் பாக்கெட்டோ ஷாம்பு பாக்கெட்டோ கொண்டுவரக் கூடாது. நான் டிபன் கொண்டுபோனால்கூடப் பையைச் சோதித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்றால் மிகையில்லை. அந்த அம்மாகூட ஒருநாள் வந்து, "சாரு இப்ப நல்லா கீறாரு செல்லி" என்று என்னிடம் சொன்னார். செல்லி என்றால் தங்கச்சி. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

மக்கும் ஷீட் பழைய ஷீட்டைப் போல முரடு இல்லை. நாய் ஓடினால் நகம் கீறிக் கிழியும். கோரைப்புல் என்று ஒன்று இருக்கிறதே, சனியன், அது கீழேயிருந்து ஊசி மாதிரி குத்திக்கொண்டு வெளியே வரும். ஓரத்தில் மண் போட்டு மூடிய இடம் முதலில் இற்றுப்போகும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லித்தான் கொடுத்திருந்தார். கிழியட்டும், செடி வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் அப்புறம் ஷீட்டுக்கு அவ்வளவு வேலை இல்லை என்றார். ஆனால் ஆயுசு முழுக்கக் கீறல் விழுந்த ஒரு பாகத்தைக்கூடப் பாஸ் பண்ணாத மனிதர், கண்ணெதிரே ஷீட் கிழிவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பாரா?

நிற்கவில்லை. பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒட்டுப் போட்டார்.

எங்கெங்கே கிழிசலோ அங்கெல்லாம் ஒட்டு. கோரைப்புல் குத்திய ஓட்டைக்கு ஒட்டு. ஒட்டு விட்டுப்போன இடத்துக்கு, குறுக்கே இன்னொரு ஒட்டு. தினம் காலையில் போனதும் பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போவார், சர்ரென்று டேப்பை இழுப்பார். டேப் தீர்ந்தால் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வாங்கி வந்தது யார்? நான்தான். கத்தரிக்கோல் கொண்டுபோக மறந்த நாட்களில் பல்லால் கடித்துக் கொடுத்ததும் நான்தான். அண்ணனும் கூட நின்று, "இங்க ஒண்ணு வுட்டுட்டீங்க சார்" என்று காட்டிக் கொடுத்தார். ஷாம்பு பாக்கெட்டை உள்ளே விடாத நிலத்தில், சுருள் சுருளாக பிளாஸ்டிக்கை எங்கள் கையாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று மூன்று பேரில் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. மக்கிப்போவதற்காகவே செய்த பொருளை மக்கவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

தக்காளி எடுத்து முடித்ததும் டிராக்டர் வைத்து ரொட்டவேட்டர் அடித்தார்கள். ஷீட் பொடிப்பொடியாக மண்ணில் கலந்தது. கொஞ்ச நாள் கறுப்பாகத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்களைப் பிடித்து நிறுத்தி மக்கும் ஷீட்டின் மகிமையைப் பேசினார். பெங்களூர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ரயில் வந்ததும் தப்பித்தோம் என்று ஏறினார்கள். அந்த அம்மாவிடமும் போய், "அக்கா, ஒரு துண்டு காட்டுங்க, நான் மீசைய எடுத்துடறேன்" என்றார். இவருக்கு மீசையே கிடையாது.

"வரேன், வந்து பாக்கறேன்" என்றார் அந்த அம்மா.

அவர் வருவதற்கு முன்னால் மழை வந்தது. மறுநாள் வெயிலில் நானும் அண்ணனும் இவரும் நிலத்துக்குப் போனோம். அண்ணன்தான் முதலில் பார்த்தார். மண்ணில் ஏதோ மின்னியது. ஒன்றில்லை, மேல்துண்டு முழுக்க அங்கங்கே மினுக் மினுக்கென்று. அவருக்குப் பழைய ரத்தம் பொங்கிவிட்டது.

"சார், தங்க ரீப்பு மேல வந்துடுச்சி போலக் கீதே!"

குனிந்து ஒன்றை எடுத்தேன். பழுப்பு டேப். ரொட்டவேட்டர் நறுக்கிய துண்டு, விரல் நீளம். ஒட்டிய ஷீட் மக்கிப்போயிருந்தது, டேப் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. உழுதபோது மண்ணோடு மண்ணாகக் கண்ணில் படாமல் இருந்ததை மழை கழுவி எங்களுக்குக் காட்டியிருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வாசல் நாற்காலி முகம்.

பையை எடுத்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தோம். அண்ணனுக்கு அன்றைக்கும் முதுகுவலி வந்திருக்கும், என் முகத்தைப் பார்த்து அது அடங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க காலையில் போய்ப் பொறுக்கினோம். டேப்போடு பழைய கறுப்பு ஷீட்டின் துணுக்குகளும் சேர்ந்து வந்தன. இன்று சுத்தமான இடத்தில் நாளை போய்க் காலால் கிளறினால் இன்னும் நான்கு வரும். "சார், பேசாம ஒரு குழி..." என்று ஆரம்பித்தார் அண்ணன். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

நான் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். "ஏங்க, முக்காவாசி எடுத்தாச்சி. அந்தம்மாவுக்கு மேல இருக்கறதுதானே கண்ணுக்குத் தெரியும்? அடுத்த மழைக்குள்ள நாத்து நட்டுடலாம். வாயத் தொறக்காதீங்க."

இவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். "எங்க போறீங்க?" என்றேன்.

"ஃபெயில் ஆனத பாஸ்னு எழுதச் சொல்றியா?"

"யாருங்க ஒங்கள எழுதச் சொன்னா? வாய மூடிக்கினு சும்மா இருக்கத்தானே சொல்றேன்!" என்று கத்திக்கொண்டே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் முதுகில் குத்தினேன். மனிதர் வண்டியை நிறுத்தவில்லை.

அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவர் பையைக் காலடியில் வைத்தார்.

"அக்கா, மேல்துண்டுல பிளாஸ்டிக் கீது. நான் போட்டதுதான். பொறுக்கனது இவ்ளோ. இன்னும் உள்ள கீது. நீங்க சொன்ன வார்த்த சொன்னதுதான். நெலத்த எடுத்துக்கங்க."

அந்த அம்மா பையில் கை விட்டு ஒரு துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"மக்கிப் பூடும்னு சொன்னியே, அதுவா இது?"

"ஷீட்டு மக்கிடுச்சிக்கா. இது டேப்பு. கிழிஞ்ச எடத்துல ஒட்டினேன்."

"மக்கறதுக்குன்னு வாங்கினத எதுக்கு சாரு ஒட்டினே?"

இவர் மாட்டைப் பார்த்தார். மாடு தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது. நான் அழுதுவிட்டேன். சொல்லவே கூடாது என்று இருந்தது எல்லாம் வெளியே வந்தது. "அக்கா, இவரு இந்த நெலத்துக்கு வந்தப்பறம்தான் பேசறாரு. அதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்த கெடையாதுக்கா" என்றேன். இவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று அழுதேன்.

அந்த அம்மா என் அழுகையைச் சட்டையே செய்யவில்லை. டேப்பைப் பையில் வீசிவிட்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஓகோ. இத்த எங்கிட்ட குடுத்துட்டு, நிலத்த எடுத்துக்கோன்னு சொல்லிட்டு, நீ பாட்டுக்கு வீட்ல போயி உக்காந்துக்குவே. மிச்சத்த யாரு பொறுக்கறது? நானா? என் முட்டி கீற நிலைமைக்கு நான் குனியணுமா?"

"இல்லக்கா, நீங்கதான் சொன்னீங்க..."

"சொன்னேன். அப்ப எனக்கு இதெல்லாம் இவ்ளோ கீதுன்னு தெரியுமா? போட்டவன்தான் எடுக்கணும். உழு, பயிரு வை, பொறுக்கு. என் மண்ணுல கடைசித் துண்டு வெளிய வர்ற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது. சுத்தமாச்சின்னு நான் வாயால சொன்ன அன்னைக்கு நீ தாராளமா போ."

இவர் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பழைய ஷீட்டுத் துணுக்கு, இந்த டேப், உழவுக்கு உழவு மேலே வருவது எவ்வளவு, அடியில் நிற்பது எவ்வளவு. "அக்கா, அது வருஷக்கணக்குல ஆகுமே" என்றார்.

"ஆகட்டும். ஒனக்கு இன்னா, ஷிப்டுக்கு நேரமாச்சா?"

இவர் பையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மறுபடி நிலத்துக்குப் போனோம். பாத்திக்குப் பாத்தி எப்படிப் பிரித்துப் பொறுக்குவது, எந்த உழவுக்கு எவ்வளவு ஆழம், அண்ணனை எந்தப் பக்கம் நிறுத்தினால் அவர் ஏமாற்ற முடியாது என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டே முன்னால் போனார். பேச்சில் நடுநடுவே எனக்கும் திட்டு விழுந்தது. டேப்பை வாங்கிக் கொடுத்தவள் நானாம், அழுது மானத்தை வாங்கியவள் நானாம்.

நான் பின்னால் பொறுக்கிக்கொண்டே போனேன். பிளாஸ்டிக் இல்லாத பூமி வேண்டும் என்று உலகமே கூட்டம் போட்டுப் பேசுகிறது. அந்த மேல்துண்டில் குனிந்துகொண்டு, சாமி, இது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கால் விரலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் துணுக்கு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனசே இல்லாமல் எடுத்துப் பையில் போட்டேன்.